சில இடங்களில் இடியுடன் மழை

திடல் பார்க்கிறவனுக்கு இரண்டு முதலாளி. மேலே வானம், கீழே புல். இரண்டுக்கும் காது கிடையாது. நடுவில் நிற்கிற மனிதர்களுக்குக் காது உண்டு. ஆனால் வாய்தான் அதிகம். அந்த வாயில் வருவதும் ஒரே கேள்வி: "இன்னைக்கு மழை வருமா?"

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் கிளப்பின் பந்தாட்டத் திடல். பெரிய சண்டைக்கு முந்தின காலம். புல் வெட்டுவேன். மாட்டைக் கட்டி உருளை இழுப்பேன். சுண்ணாம்பில் கோடு போடுவேன். மழை வந்து கோட்டைக் கரைக்கும். மறுபடி போடுவேன். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் இதுதான் பிழைப்பு. காலையில் கண் கூசுகிற வெயில். மத்தியானம் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி புழுக்கம். பிறகு மலைப் பக்கமிருந்து கறுப்பாக ஏறி வரும். சரியாகப் பந்தாட்ட நேரத்துக்கு இடி.

முற்றத்தில் மிளகாய் காயவைத்தவர்கள், கொடியில் வேட்டியைப் போட்டுவிட்டு வெளியே போனவர்கள், வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தியவர்கள், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் படிக்க வேண்டாம். போய் வேலையைப் பாருங்கள்.

தினமும் ஒரே வரி

கிளப் செக்ரட்டரி தம்பிராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே ஆபீசில் கிளார்க். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர். ஆபீசுக்குப் போகிற வழியில் திடலோரம் நின்று பேப்பரை விரிப்பார். வானிலை போட்ட மூலையைத் தேடி எனக்குத் தமிழில் சொல்வார். பெரிய உபகாரம் செய்வதாக அவருக்கு நினைப்பு.

"முற்பகல் நல்ல வெயில். பிற்பகல் சில இடங்களில் இடியுடன் மழை."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நேத்துப் பேப்பரையே தூக்கிட்டு வர்றீங்களா?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை பார்த்தார். "இல்லைக் காணும். இண்டையான் பேப்பர்தான். இண்டைக்கும் அதே வரிதான்." சில இடம் என்றால் எந்த இடம் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார், திடலைப் பார்த்தார். "அதை அவன் போடேல்லை" என்றார்.

அந்த வருஷம் அவருக்கு அந்த வரியில் உயிர் இருந்தது. கப்பு ஆட்டத்தில் எங்கள் கிளப் கடைசி வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் கேரித் தீவுத் தோட்டத்து ஆட்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள், எங்கள் திடலில். தோட்டத்தில் அன்று ஒரு நாள்தான் அவர்களுக்கு லீவு. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வரமுடியாது. வராவிட்டால் சட்டப்படி கப்பு எங்களுக்கு. "நல்லதுதானே?" என்று கேட்டேன். குடையால் தரையைக் குத்தினார்.

"விளையாடி வெல்ல வேணும் காணும். வானம் தந்த கப்பை அலமாரியில வைச்சால் வடிவாய் இராது."

பாக்கியம் கண்டுபிடித்தது

திடலுக்குப் பின்னால் பலகை வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. அதில் ஒன்று என்னுடையது. வீடுகளுக்குப் பின்புறம் எல்லோருக்கும் சேர்த்து நீளமாகக் கொடி கட்டியிருக்கும். நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பேன். "இன்னைக்கு வராது" அல்லது "இன்னைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். யாரும் கேட்டதில்லை. பழக்கம்.

ஒருநாள் வெற்றிலையை மறந்து திரும்பி வந்தேன். அடுத்த வீட்டு அஞ்சலை கொல்லையில் நின்று என் மனைவி பாக்கியத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, அண்ணன் இன்னைக்கு என்ன சொன்னாரு?" பாக்கியம் சொன்னாள்: "வராதுன்னாரு." உடனே அஞ்சலை தன் சேலையை எல்லாம் உருவி எடுத்தாள். அவளைப் பார்த்து அதற்கடுத்த வீட்டுக்காரி எடுத்தாள். வரிசை முழுவதும் கொடி காலி. நான் வாசலில் நின்றபடி பார்க்கிறேன். வெயில் பளீரென்று அடிக்கிறது. எனக்கு ஆத்திரம். மத்தியானம் சாப்பிட வந்தபோது நானே நனைந்துதான் வந்தேன்.

நான் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது என்பதைப் பாக்கியம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். அதை வரிசைக்கே சொல்லியும் வைத்திருக்கிறாள். அது கிளப்புக்குப் போனது. பிறகு தம்பிராசா ஐயாவும் பேப்பரை மடித்துவிட்டு என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நான் "வராது" என்றதும் என் கண்ணெதிரிலேயே குடையை விரித்துக்கொண்டு நடப்பார். என் மரியாதை என்ன ஆவது? வீட்டில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாக்கியம் தட்டைத் திரும்பவும் என் பக்கம் நகர்த்தினாள்.

"எதுக்குக் கோவம்? தப்பாச் சொன்னாலும் தவறாம தப்பாச் சொல்றீங்க. அந்தப் பேப்பர்காரனால அது முடியுதா?"

இந்தக் கோல் வெயில், அந்தக் கோல் மழை

எங்கள் கோல்கீப்பர் பக்கிரி. ரயில் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. வாய் அதைவிடப் பெரிசு. கப்பு ஆட்டத்துக்கு முன்னால் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊர் மழையை வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் நம்பமாட்டான். ஒரு பக்கத் தெரு நனையும், எதிர்ப்பக்கத் தெருவில் தூசி பறக்கும். அன்றைக்கு அது எங்கள் திடலுக்குள்ளேயே நடந்தது. ரயில் பாதைப் பக்கத்துக் கோலில் மழை. வீட்டுப் பக்கத்துக் கோலில் வெயில். நடுக்கோட்டைத் தாண்டினால் உலரலாம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் காய்ந்த பாதியிலேயே பந்தை வைத்துக்கொண்டு சுற்றினார்கள். நனைந்த பாதிக்குப் போகிறவன் யாரும் இல்லை. அங்கே பக்கிரி ஒருத்தன்தான். கோல்கீப்பராயிற்றே. கோலை விட்டு வரக்கூடாது. கைகட்டி நின்றான். தண்ணீர் அவன் மூக்கு நுனியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

காய்ந்த பக்கத்தில் கூட்டம் சிரித்தது. தம்பிராசா ஐயா கையில் பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கிரி அந்தக் கோடியிலிருந்து கத்தினான். பட்டறைக் குரல், எல்லோருக்கும் கேட்டது.

"செக்ரட்டரி ஐயா, பேப்பரை மூடுங்க. அவன் சொன்ன 'சில இடம்' நான்தான்."

மாட்டுக்குத் தெரிந்தது

உருளை இழுக்க ஒரு மாடு உண்டு. பெயர் ராஜா. வேலை செய்வதும் ராஜா மாதிரிதான். அதற்கு இடி பிடிக்காது. தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், பூட்டிய உருளையையும் இழுத்துக்கொண்டு தன் கொட்டகைக்குப் போய்விடும். நான் கத்துவேன். அது திரும்பிப் பார்க்காது. வேலைக்குப் பயந்து இடியைச் சாக்காக வைத்துக்கொள்கிறது என்பது என் கட்சி.

ஒருநாள் பழக்க ஆட்டம். ஜோசப் என்று ஒரு ரெஃப்ரி. போஸ்ட் ஆபீசில் வேலை. சட்டம் என்றால் சட்டம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கப்பு ஆட்டத்துக்கும் அவர்தான் ரெஃப்ரி. ஆட்டம் நடக்கும்போதே வானம் கிழிந்த மாதிரி ஒரு மின்னல். ஜோசப் விசில் ஊதினார். இடியில் விசில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி இடி. பாதைக்கு அந்தப்புறம் ஒரு தென்னை மரத்தின் கொண்டை பற்றிப் புகைந்தது. அதற்குப் பிறகு விசிலே தேவைப்படவில்லை. இரண்டு கட்சியும் ஒரே ஓட்டமாக மாட்டுக் கொட்டகைக்கு ஓடியது.

அங்கே ராஜா ஏற்கெனவே உள்ளே. உருளை வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு ஆள் நுழைய வழி இல்லை. இழுத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அத்தனை பேரும் இறவாரத்தில் சுவரோடு ஒட்டி நனைந்தோம். உள்ளே ராஜா வைக்கோலில் படுத்து அசைபோட்டபடி எங்களைப் பார்த்தது. அதன் முதுகில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜோசப் நெற்றித் தண்ணீரை வழித்தார். முகம் மாறவில்லை.

"அடுத்த ஆட்டத்துக்கு இந்த மாட்டை லைன்ஸ்மேனாப் போடுங்க. எப்ப நிறுத்தணும்னு இதுக்குத்தான் தெரியுது."

தீவிலிருந்து வந்த குதிகால்

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். நான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். செருப்பில்லாத ஒரு ஆள் திடலுக்குள் நடக்கிறான். ஒல்லி. வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறான். நாலடிக்கு ஒருதரம் நின்று குதிகாலால் புல்லை அழுத்திப் பார்க்கிறான். "யாருய்யா அது, என் புல்லை மிதிக்கிறது?" என்று போனேன்.

அவன்தான் வீராசாமி. கேரித் தீவு ஆட்டக்காரர்களுக்குத் தலைவன். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவன். கோயிலுக்கு வந்தவன் அப்படியே திடலையும் பார்க்க வந்திருக்கிறான்.

"அண்ணே, திடல் நடுவுல கிண்ணம் மாதிரி குழிவா இருக்கே. மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?"

"அதுக்கு எங்க போகணும்னு தோணுதோ அங்க போகும்."

"எங்க ஊர்ல அப்படி விட முடியாதுண்ணே. தீவு நிலம் கடலை விடத் தாழ்வு. சுத்தி வரப்பு போட்டுக் கடலை வெளிய நிறுத்தி வச்சிருக்கோம். மழை பெஞ்சா மரம் சீவுறது கிடையாது. மண்வெட்டியைத் தூக்கிட்டு எல்லாரும் கானுக்குப் போயிடணும். கான் அடைச்சுதுன்னா மறுநாள் வீட்டுக்குள்ளேயே மீன் பிடிக்கலாம்."

கான் என்றால் தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அவன் கானும் வேண்டாம், மீனும் வேண்டாம். புல்லை விட்டு இறங்கினால் போதும். ஆனால் அவன் இறங்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

தோட்டத்தில் அவர்கள் கட்சி கட்டி ஆடத் தொடங்கி ரொம்ப வருஷம் ஆகிறதாம். கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தது இதுதான் முதல் தடவை. துரையிடம் ஆறு பேர் போய் நின்று லீவு கேட்டிருக்கிறார்கள். வருஷப் பிறப்போடு சேர்த்து இன்னொரு நாள் கொடுத்தாராம். "அதோட சரி, மழை கிழைன்னு இன்னொரு நாள் வந்து நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாராம். பாதித் தோட்டம் படகேறி, கிள்ளானில் ரயிலேறி, பார்க்க வரப்போகிறது. பெண்கள் கட்டுச்சோற்றுக்கு இப்போதே புளி எடுத்து வைத்துவிட்டார்களாம். இதை எல்லாம் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கை மட்டும் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. "பிய்க்காதே" என்றேன். எழுந்து கும்பிட்டான். நான்கு அடி போய்த் திரும்பி வந்தான்.

"அண்ணே, உங்க பேரு படகுக்காரன் வாயில எங்க தீவு வரைக்கும் வந்துடுச்சு. அன்னைக்கு மட்டும் 'மழை வரும்'னு சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்."

சொன்ன முகம்

கப்பு நாள் விடிந்தது. நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் கூட்டம். தம்பிராசா ஐயா, பக்கிரி, பட்டறை ஆட்கள், அஞ்சலை, அவள் புருஷன். ஏதோ பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி நிற்கிறார்கள். "சொல்லும் காணும்" என்கிறார் ஐயா. வெற்றிலை பாக்கு வேறு வாங்கி வந்திருக்கிறார்.

அண்ணாந்து பார்த்தேன். மேகம் இல்லை. காற்று கடல் பக்கமிருந்து வருகிறது. காக்கை உயரமாகப் பறக்கிறது. எனக்கு மனசில் நிச்சயமாகத் தெரிந்தது, இன்று மழை வராது. இதைச் சொன்னால் வந்துவிடும். அந்த வீராசாமி முகம் வேறு ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னைக்கு மழை வரும்" என்றேன்.

கைதட்டினார்கள். அஞ்சலை ஓடிப்போய் வருஷப் பிறப்புக்குக் கட்டிய புதுச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வரிசை முழுவதும் துணி ஏறியது. போர்வை, பாய், தலையணை உறை. கொடி அவ்வளவு பாரம் கண்டதே இல்லை. பாக்கியம் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுத் துணி ஒன்றையும் வெளியே போடவில்லை.

மத்தியானம் மலைப் பக்கம் ஒரு விரல் அளவு கறுப்பு. சோறு சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது வானம் பூராவும். ராஜா உருளையோடு கொட்டகைக்குப் போயிற்று. அப்புறம் அடித்தது பாருங்கள் மழை. அஞ்சலை சேலை கொடியோடு போய் முள்ளுவேலியில் விழுந்தது. நான் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரும் என்றுதானே சொன்னேன், பிறகு ஏன் வந்தது? பாக்கியம் பின்னாலிருந்து சொன்னாள்.

"மனசுக்குள்ள 'வராது'ன்னு நினைச்சுக்கிட்டு வாயால 'வரும்'னா, வானத்துக்குத் தெரியாதா? சொன்ன மூஞ்சியே சரியில்லை."

லீவு முளைக்காது

மழை விட்டது. வெயிலும் திரும்பி வந்தது. அதனால் என்ன? திடல் நடுவில் குளம். வீராசாமி சொன்ன கிண்ணம் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. கேரித் தீவு ஆட்கள் கொட்டகை இறவாரத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, புதிதாகத் தைத்தது. காலில் பாதிப் பேருக்குப் பூட்ஸ் இல்லை. வந்த பெண்கள் கட்டுச்சோற்றைப் பிரிக்கவில்லை.

ஜோசப் தண்ணீருக்குள் இறங்கிப் பந்தை வைத்தார். அது மிதந்தது. மெதுவாக ஒரு சுற்றும் சுற்றியது. "பந்து உருளணும். மிதக்குது. இருட்டுறதுக்கு முன்னால உருளலைன்னா ஆட்டம் கிடையாது" என்றார். ஆட்டம் இல்லையென்றால் கப்பு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் யாரோ லேசாகக் கை தட்டினான். பக்கிரி திரும்பி அவனை முறைத்தான். "ஆடாம வாங்குன கப்புல எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தாலும் குடிக்கமாட்டேன்" என்றான். தம்பிராசா ஐயா குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

வீராசாமி என்னிடம் வந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட மண்வெட்டி இருக்கா?"

"எதுக்கு?"

"குளத்துல இருந்து ரயில் பாதையோரச் சாக்கடை வரைக்கும் ஒரு கான் எடுத்தாப் போதும். வடிஞ்சிடும்."

திடலுக்குக் குறுக்கே. என் புல்லுக்குக் குறுக்கே. அந்தப் புல்லைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு அவ்வளவு பார்த்ததில்லை. "முடியாது" என்றேன். "போ" என்றேன். அவன் போகவில்லை. கோபப்படவும் இல்லை. அவன் ஆட்கள் தூரத்தில் நின்று எங்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, புல்லு மறுபடி முளைக்கும். எங்களுக்கு லீவு முளைக்காது."

நான் இடுப்பிலிருந்து சாமான் அறைச் சாவியை உருவி அவன் மேல் எறிந்தேன்.

அவர்கள் வெட்டியதை வேலை என்று சொல்வதா, ஆட்டம் என்று சொல்வதா? புதுச் சட்டையைக் கழற்றிப் பெண்களிடம் கொடுத்தார்கள். முதலில் புல்லைத் தோல் உரிக்கிற மாதிரி பலகை பலகையாகச் சீவி எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஓரமாக அடுக்கினார்கள். அப்புறம்தான் மண்ணைத் தொட்டார்கள். என்னிடம் இருந்தது மூன்று மண்வெட்டி. எங்கள் பட்டறை ஆட்கள் ஓடிப்போய்க் கரி அள்ளுகிற ஷவல்களைக் கொண்டு வந்தார்கள். பக்கிரி வாளியால் அள்ளி ஊற்றினான். இரண்டு கட்சியும் ஒரே கானுக்குள் நின்றது. கடைசி மண்ணைத் தள்ளியதும் குளம் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டுச் சாக்கடைப் பக்கம் கிளம்பியது. கேரித் தீவுப் பெண்கள் குலவை போட்டார்கள். சாமி புறப்பட்ட மாதிரி.

தண்ணீர் வடிந்ததும் மண்ணைத் தள்ளி, புல் பலகைகளைப் பழைய வரிசையில் திரும்ப வைத்துக் காலால் மிதித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். ஒரு பலகை இடம் மாறவில்லை. கோடுதான் இல்லை. ஈரத்தில் சுண்ணாம்பு பிடிக்காது. அப்போது பாக்கியமும் அஞ்சலையும் எதையோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். துணிக்கொடி. வரிசை வீடு முழுவதற்குமான கயிறு. "துணிதான் நனைஞ்சு போச்சு, கயிறு சும்மாத்தானே கிடக்கு" என்றாள் அஞ்சலை. கயிற்றைக் கோடாக இழுத்து முளை அடித்தோம். ஜோசப் சட்டப் புத்தகத்தை நினைத்துப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். அந்த நேரம் ராஜா, யாரும் கூப்பிடாமல், உருளையை இழுத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. ஜோசப் அதைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். "லைன்ஸ்மேன் வந்தாச்சு. தொடங்கலாம்" என்றார். அவர் சிரித்ததை அன்று பார்த்தவர்கள் உண்டு. நான் ஒருவன்.

ஆட்டத்தை நான் விவரிக்கமாட்டேன். சேற்றில் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. கட்சிக்கு ஒரு கோல். இருட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆள் ஒருத்தன் தன் கோல் பக்கமாகப் பந்தைப் பின்னால் தட்டினான். அது உருண்டு வந்து, கான் வெட்டி மூடிய இடத்தில், மெத்தையில் விழுந்த மாதிரி அப்படியே நின்றது. துரத்தி வந்தவர்கள் எல்லோரும் பந்தைத் தாண்டி ஓடிப்போய்விட்டார்கள். அங்கே நிற்கும் என்று தெரிந்து வீராசாமி மட்டும் நின்றுகொண்டிருந்தான். வெறுங்காலால் ஓர் அடி. பக்கிரி பாய்ந்தான். கை நிறையச் சேறுதான் வந்தது.

கப்பு படகேறிப் போனது. போகும்போது ஸ்டேஷன் வரைக்கும் அவர்கள் பாட்டோடு எங்கள் ஆட்களும் சேர்ந்தே போனார்கள். கட்டுச்சோற்றைப் பாதிக்குப் பாதி பங்கு வைத்தார்கள். பக்கிரி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டான். நானும் தம்பிராசா ஐயாவும் திடலில் நின்றோம். தோற்ற கிளப்பின் செக்ரட்டரி. வருத்தமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி, மெதுவாகத் திடலுக்குள் நடந்து, குதிகாலால் புல்லை அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி அழுத்தினார். 'பொதக்' என்றது. திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் அந்தத் தீவு ஆக்களைக் கூப்பிடும் காணும். வடக்குப் பக்கமும் தண்ணி நிக்குது."

இப்போது திடலும் இல்லை, ராஜாவும் இல்லை. ஆனால் பங்குனி பிறந்தால் இன்னும் யாராவது வந்து மழை வருமா என்று கேட்கிறார்கள், வராது என்கிறேன், நன்றி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போகிறார்கள்.